வயலில் அழுகிய முட்டை வாடை: ஹைட்ரஜன் சல்பைடு நெல்லுக்கு நஞ்சா, துணையா?

கொழிஞ்சாம்பாறை விவசாயி:
அனைவருக்கும் வணக்கம். பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்தில் இரண்டு ஏக்கரில் உமா நெல் நட்டு இருபத்தைந்து நாள் ஆகிறது. ஆழியாற்றுத் தண்ணீர் முறை வந்த நாள் முதல் வயலை நிறைத்தே வைத்திருந்தேன். இப்போது பள்ளமான பகுதியில் பயிர் வெளிறித் தூர் கட்டாமல் நிற்கிறது. பிடுங்கினால் வேர் கறுத்திருக்கிறது, சேற்றைக் கிளறினால் அழுகிய முட்டை வாடை அடிக்கிறது. கல்லூரியில் தாவரவியல் படிக்கும் என் மகள் இதை ஹைட்ரஜன் சல்பைடு என்கிறாள். ஆனால் அதே வாயு வறட்சியைத் தாங்கப் பயிருக்கு உதவுகிறது என்று அவளுடைய பாடத்தில் இருக்கிறதாம். வேரைக் கொல்வதும் பயிரைக் காப்பதும் ஒரே வாயுவாக எப்படி இருக்க முடியும்?

ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர், பொள்ளாச்சி:
உங்கள் மகள் இரண்டிலும் சரியாகவே சொல்லியிருக்கிறார். வாயு ஒன்றுதான், அது எங்கே, எவ்வளவு உண்டாகிறது என்பதே வேறு.

நீர் தேங்கிய மண்ணில் ஆக்சிஜன் தீர்ந்ததும், சில பாக்டீரியாக்கள் ஆக்சிஜனுக்குப் பதில் மண்ணிலுள்ள சல்பேட் என்ற கந்தகச் சேர்மத்தைப் பயன்படுத்திச் சுவாசிக்கின்றன. அதன் கழிவாக வருவதே ஹைட்ரஜன் சல்பைடு. மண்ணில் இரும்பு போதிய அளவு இருந்தால் அது சல்பைடைப் பிடித்துக் கறுப்பு நிற இரும்புச் சல்பைடாக மாற்றிவிடும். இரும்பு குறைந்த, மட்காத தழை மிகுந்த மண்ணில் வாயு கட்டின்றி வேரைத் தாக்கும். செல்லின் சுவாசத்தில் கடைசிப் படியாக நிற்கும் சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் என்ற நொதியை அது முடக்குகிறது. சயனைடு செய்வதும் இதையேதான். சுவாசம் நின்ற வேர் சத்தை இழுக்காது, அதனால்தான் உரம் இட்டும் பயிர் வெளிறுகிறது.

மகள் படித்தது செல்லுக்குள் நடப்பது. சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தை உடைத்துச் செடி தானே மிக நுண்ணிய அளவில் இந்த வாயுவை உண்டாக்குகிறது. அது சில புரதங்களில் உள்ள சிஸ்டீனோடு கூடுதலாக ஒரு கந்தக அணுவைச் சேர்த்து அவற்றின் வேலையை மாற்றுகிறது. வறட்சியில் அப்சிசிக் அமிலம் என்ற செடியின் ஹார்மோன் இலைத்துளைகளை மூடச் சொல்லும்போது, அந்தச் செய்தியைக் கடத்தும் சங்கிலியில் நைட்ரிக் ஆக்சைடும் ஹைட்ரஜன் சல்பைடும் இடம்பெறுகின்றன. வாயு என்பதால் சவ்வுகளை எளிதில் கடக்கும். வேலை முடிந்ததும் சீக்கிரம் மறைந்துவிடும். செய்தி சொல்வதற்கு இந்த இரண்டு குணமும் வேண்டும்.

எத்திலீனும் இப்படித்தான். பழுக்க வைக்கும் வாயு என்றே நாம் அதை அறிவோம். ஆனால் காற்றில் பரவுவதைவிட நீரில் அது ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு மெதுவாகவே பரவுவதால், மூழ்கிய செடி வெளியிட்ட எத்திலீன் வெளியேற வழியின்றி உள்ளேயே தேங்குகிறது. தான் மூழ்கிவிட்டதை நெல் அந்தத் தேக்கத்தாலேயே உணர்ந்து, வேரில் காற்றறைகளை உண்டாக்கிக்கொள்கிறது. நெல்லின் இந்த ஏற்பாட்டை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

முதலமடை மாந்தோப்புக்காரர்:
ஐயா விளக்கியதோடு ஒன்று சேர்க்கிறேன். எங்கள் கீழ்வயலில் தழையுரமாக வளர்த்த தக்கைப்பூண்டை மடக்கி உழுது, அது மட்குவதற்குள் நட்ட வருடம் இதே வாடையைக் கண்டேன். அதன்மேல் அம்மோனியம் சல்பேட் இட்டது என் பிழை. சல்பைடுக்கு வேண்டிய சல்பேட்டை நானே கொடுத்துவிட்டேன். அண்ணா, அடுத்த மேலுரத்துக்கு யூரியாவே போதும், அதையும் புது வெள்ளை வேர் வந்த பிறகு போடுங்கள்.

கொழிஞ்சாம்பாறை விவசாயி:
இருவருக்கும் நன்றி. நானும் அம்மோனியம் சல்பேட்தான் இட்டிருந்தேன். தண்ணீரை வடிக்க வேண்டும் என்று புரிகிறது, ஆனால் அடுத்த முறைத் தண்ணீர் நாள் தவறினால் என்ன செய்வது என்ற பயத்தில்தான் நிறைத்து வைத்தேன். வடிக்காமல், பயிரை வலுப்படுத்த இந்த வாயுவைத் தரும் மருந்து எதையாவது இலையில் தெளிக்கலாமா?

ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர், பொள்ளாச்சி:
வேண்டவே வேண்டாம். ஆய்வகங்களில் இதற்குப் பயன்படும் சோடியம் ஹைட்ரோசல்பைடு தோலை அரிக்கும். அமிலம் பட்டால் நச்சு வாயுவாகவே வெளிவரும். அளவை நுணுக்கமாகக் கட்டுப்படுத்தும் சோதனையில் கிடைத்த பலனை நம் வயலில் எதிர்பார்க்க முடியாது.

உங்கள் பயம் நியாயமானது. அதனால் வயல் முழுவதையும் ஒரே நாளில் வடிக்காதீர்கள். பள்ளத்தின் மடையை மட்டும் திறந்து, தாழ்ந்த பக்கத்து வயலுக்கு அவருடைய சம்மதத்தோடு தண்ணீரை விடுங்கள். மேட்டுப் பகுதியில் இருக்கும் நீரே அடுத்த முறை வரை தாங்கும். பள்ளத்தில் மயிர்க்கோடு போன்ற வெடிப்பு தெரியும்வரை காயட்டும். நம் ஊரில் காய்ச்சலும் பாய்ச்சலும் என்று சொல்வது இதைத்தான். காற்று இறங்கியதும் சல்பைடு மீண்டும் சல்பேட்டாக மாறும், புது வெள்ளை வேர் இறங்கும். கதிர் உருவாகத் தொடங்கும் முன் இதைச் செய்துவிட வேண்டும், பூக்கும் சமயத்தில் வயலைக் காயவிட்டால் மணி பிடிக்காது. இப்போது உங்கள் பயிருக்கு அதற்கான வயது இருக்கிறது. காய்ந்த பின் இரண்டு தூரைப் பிடுங்கி, வேரின் நிறத்தை இங்கே எழுதுங்கள்.