சிமெண்ட் இல்லாத கான்கிரீட்டில் இரும்பு ஃபைபர்: உங்கள் கையில் உடைந்த கதையைச் சொல்லுங்கள்

நாகர்கோவில் சிவில்காரி

நானே தொடங்குகிறேன். கடைசி வருட ப்ராஜெக்டுக்கு ஜியோபாலிமர் கான்கிரீட் எடுத்திருக்கிறேன், அதில் சிமெண்டே கிடையாது என்று வீட்டில் சொன்னேன். கொத்தனாரான என் மாமா சிரித்துவிட்டு, "அப்போ ஒட்டுறதுக்கு என்னத்த மக்கா போடுவ, மைதா மாவா?" என்றார்.

தூத்துக்குடி அனல்மின் நிலையத்துச் சாம்பல், காஸ்டிக் சோடா, சோடியம் சிலிக்கேட். ஒட்டுவது இவை மூன்றும்தான். 12 மோலார் கரைசல் என்றால் லிட்டருக்கு 480 கிராம் காஸ்டிக் சோடா. தண்ணீரில் செதில்களைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடப்போட வாளியைத் தொட முடியாத அளவுக்குச் சூடு ஏறும். அதனால் முந்தின நாள் சாயங்காலமே கரைத்து வைத்துவிடுவோம். தோழியின் கையுறையில் ஊசி முனை அளவு ஓட்டை இருந்திருக்கிறது. முதலில் சோப்பு மாதிரி வழுக்குகிறது என்றாள், அப்புறம்தான் எரிச்சல். அரை மணி நேரம் பைப்படியில் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். வலிமை, எண் எல்லாம் பிறகு. முதலில் கையுறையைப் பாருங்கள்.

கலவை சிமெண்ட் கலவை போலவே இருக்காது. கறுத்து மினுமினுவென்று, கருப்பட்டிப் பாகு பதத்தில் கரண்டியை விடாது. அதில் ஃபைபரும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். நாங்கள் போட்டது இரண்டு முனையும் கொக்கியாக வளைந்த, 30 மி.மீ. நீளமும் அரை மி.மீ. தடிமனும் உள்ள கம்பி. ஃபைபர் இல்லாதது, கன அளவில் அரை சதவீதம், ஒரு சதவீதம் என்று மூன்று வகை வார்த்தோம். இறுகுவதற்கு 60 டிகிரி சூட்டடுப்பில் (அவன்) 24 மணி நேரம்.

நசுக்கிப் பார்க்கும் 150 மி.மீ. க்யூப் (கனசதுரக் கட்டி) 30 மெகாபாஸ்கல் வலிமை காட்ட வேண்டுமானால் 675 கிலோநியூட்டன், அதாவது கிட்டத்தட்ட 69 டன் தாங்க வேண்டும். ஃபைபர் போட்டது எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும் என்று நினைத்திருந்தேன். இல்லை. எண் கொஞ்சம்தான் கூடியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. "பீமை உடைச்சிட்டு வா, அப்புறம் அழு" என்றார் சார்.

பீம் என்றால் நடுவில் அழுத்தி வளைத்து உடைக்கும் நீளக் கட்டை. ஃபைபர் இல்லாத 100×100×500 மி.மீ. பீம் 'டப்' என்று ஒரே சத்தத்தில் இரண்டு துண்டு. பாரம் காட்டும் மெஷின் முள் சட்டென்று பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. ஒரு சதவீதம் போட்டதில் அடியில் மயிரிழை போல விரிசல் விழுந்தது, முள் கொஞ்சம் இறங்கியது, நின்றது, மறுபடி ஏறியது! காதைக் கிட்டே வைத்தால் உள்ளே 'டிக்… டிக்…' என்று கேட்கும். கம்பி அறுவதில்லை. கொக்கி நிமிர்ந்து உருவிக்கொண்டு வருகிற சத்தம் அது. நசுக்கும்போது ஃபைபருக்குப் பெரிய வேலை இல்லை. விரிசல் விழுந்த பிறகுதான் அது வேலைக்கே வருகிறது. இது வகுப்பில் படித்ததுதான், ஆனால் அந்தச் சத்தத்தைக் கேட்டபோதுதான் மண்டையில் ஏறியது.

தக்கலை சைட் சூப்பர்வைசர்

தங்கச்சி சொல்லும் ஒரு சதவீதம் கேட்கச் சின்னதாக இருக்கும். கன மீட்டருக்கு 78.5 கிலோ இரும்பு அது. நான் ஜியோபாலிமர் தொட்டதில்லை. ஒரு குடோன் தரைக்குச் சாதாரண கான்கிரீட்டில் ஃபைபர் போட்டோம். மழை வரப்போகிறது என்று அவசரத்தில் பையன் ஒருத்தன் மூட்டையை அப்படியே மிக்சருக்குள் கவிழ்த்துவிட்டான். வெளியே வந்ததெல்லாம் குருவிக்கூடு குருவிக்கூடாக உருண்டைகள். அந்த லோடு முழுக்க வீண். சல்லடையில் தட்டித் தூவுவது போலத்தான் போட வேண்டும். மேலே நீட்டிக்கொண்டிருந்த கம்பி ஒரு ஆளின் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறியது தனிக்கதை.

குளச்சல் பக்கத்துக்காரன்

கடலரிப்பைத் தடுக்கப் போடும் டெட்ராபாட் (நான்கு கால் கான்கிரீட் கட்டி) வார்க்கிற இடத்தில் கொஞ்ச காலம் வேலை பார்த்தேன். அதற்குள் பெரும்பாலும் கம்பி எதுவும் கிடையாது. கிரேனில் இறக்கும்போது பக்கத்துக் கல்லில் மோதினால் காலோடு போய்விடும். இந்த ஃபைபர் போட்டால் கால் நிற்குமா?

மார்த்தாண்டம் லேப்காரர்

அண்ணன் கேட்டதற்கு: மோதலைத் தாங்குவதில் ஃபைபர் கான்கிரீட் நிச்சயம் மேல். ஆனால் உப்புக் காற்றில் மேல்தோலில் இருக்கும் கம்பி துருப்பிடித்துப் புள்ளி புள்ளியாகத் தெரியும். அத்தனை டன்னுக்கு ஃபைபர் வாங்கும் காசையும் யோசிக்க வேண்டும்.

என் அனுபவம் வேறு. டெட்ராபாட்டைத் தூக்கி அவனில் வைக்க முடியாதல்லவா? அதனால் சாம்பலில் ஒரு பங்கைக் குறைத்து இரும்பாலைக் கசடுப் பொடி சேர்த்தோம். அதிலுள்ள கால்சியத்தால் சூடு கொடுக்காமலே இறுகிவிடும். இறுகியது, கொஞ்சம் அதிகமாகவே. சித்திரை வெயிலில் ஷெட்டுக்கு வெளியே கலக்கினோம். டீ குடித்துவிட்டு வருவதற்குள் கலவை சட்டியின் வடிவத்திலேயே கல்லாகிவிட்டது. சட்டியை வெட்டித்தான் எடுத்தோம். அப்புறம் விடிகாலையில் மட்டுமே கலக்குவது, கரைசலை நிழலில் வைப்பது, கசடின் பங்கைக் குறைப்பது என்று வழிக்கு வந்தது.

ஆய்வகத்து வித்தை என்று ஒதுக்கவும் வேண்டாம். ஜியோபாலிமர் என்ற பெயரை பிரெஞ்சு வேதியியலாளர் ஜோசப் டேவிடோவிட்ஸ் வைத்தது 1970களில். ஆஸ்திரேலியாவில் 2014இல் திறந்த வெல்கேம்ப் விமான நிலையத்தின் தளத்துக்கே இதைப் போட்டிருக்கிறார்கள்.

நாகர்கோவில் சிவில்காரி

சட்டி கதையை மாமாவிடம் படித்துக் காட்டினேன், இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

குளச்சல் அண்ணனுக்கு ஒன்று. அந்த ஒரு சதவீத பீமை, விரிசலோடு, வீட்டுக்கு எடுத்து வந்தேன். கையால் பிரிக்கப் பார்த்தும் பிரியவில்லை. அம்மா அதைக் கொல்லையில் துவைக்கிற கல்லுக்கு அண்டை கொடுத்துவிட்டார். நான்கு வருடம் ஆனி மழையும் ஐப்பசி மழையும் அதன் மேல்தான். போன மாதம் கல்லை நகர்த்தும்போது பீம் சத்தமே இல்லாமல் இரண்டாக வந்தது. விரிசலைப் பிடித்திருந்த கம்பிகள் துருவாக உதிர்ந்தன. விரிசலுக்கு ஒரு விரற்கடை தள்ளி மாமா உளியால் கொத்திப் பார்த்தார். உள்ளே இருந்த கம்பி இன்னும் பளபளவென்றுதான் இருந்தது.