பெரியவர்களுக்கு ஏஇடி பயிற்சி: தமிழில் சொல்லித்தர யாராவது இருக்கிறீர்களா?

சிங்கப்பூர் நண்பர்களுக்கு வணக்கம்.

போன வாரம் எங்கள் புளோக் கீழ்த்தளத்தில் உடற்பயிற்சி செய்துகொண்டிருந்த ஒரு மாமா திடீரென்று சாய்ந்துவிட்டார். வெறும் மயக்கம்தான், எழுந்து உட்கார்ந்தார். ஆனால் அந்த ஒரு நிமிஷம் சுற்றி நின்ற எங்களில் யாருக்கும் கை கால் ஓடவில்லை. மின்தூக்கிக்குப் பக்கத்திலேயே ஏஇடி (திடீரென்று செயலிழந்த இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் கருவி) பெட்டி இருக்கிறது. அம்மா இத்தனை நாளும் அதைத் தீயணைப்புச் சாமான் என்று நினைத்திருந்தாராம்!

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) குடியிருப்புகளில் இரண்டு புளோக்குக்கு ஒன்று என்ற கணக்கில் வைத்திருக்கிறார்கள். குடிமைத் தற்காப்புப் படையின் மைரெஸ்பாண்டர் (myResponder) செயலியிலும் அருகிலுள்ளதைப் பார்க்கலாம்.

எனக்குத் தெரிந்ததை அம்மாவுக்குச் சொன்னேன். பேச்சும் இல்லை, சரியான மூச்சும் இல்லையென்றால் உடனே 995-க்கு அழைத்து ஆம்புலன்ஸ் கேட்க வேண்டும். ஒருவர் நெஞ்சை விடாமல் அழுத்த வேண்டும், இன்னொருவர் பெட்டிக்கு ஓட வேண்டும். கருவியின் ஒட்டுப்பட்டைகளில் ஒன்று வலது காறையெலும்புக்குக் கீழே, மற்றது இடது அக்குளுக்குக் கீழே விலாவில். "தப்பா ஷாக் அடிச்சிட்டா?" என்பதுதான் அம்மாவின் பயம். கருவியே இதயத் துடிப்பைப் பார்த்து, தேவைப்பட்டால்தான் ஷாக் கொடுக்கும். ஆனாலும் அது ஆங்கிலத்தில் பேசினால் அம்மா திகைத்துவிடுவார்.

ஈசூன் பக்கம் பத்துப் பெரியவர்கள் கற்றுக்கொள்ளத் தயார். வார இறுதியில் பயிற்சிக் கருவியோடு வந்து தமிழில் சொல்லித்தரக்கூடிய சான்றிதழ் பெற்ற பயிற்றுநர் யாரையாவது தெரியுமா? நிஜமாகவே அந்தப் பெட்டியைத் திறந்து பயன்படுத்தியவர்கள் இருந்தால், எந்த இடத்தில் தடுமாறினீர்கள் என்றும் தயவுசெய்து எழுதுங்கள்.