தை முடியப் போகிறது: மாடித் தோட்டத்துப் பழைய மண்ணைக் கோடைக்கு எப்படித் தயார் செய்வது?

கேள்வி (பெரம்பூர்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு மொட்டை மாடியில் 30 பைகளில் மூன்று ஆண்டுகளாகக் காய்கறி வளர்த்து வருகிறேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் பைகள் நாள்கணக்கில் ஊறிக் கிடந்ததால் மண் இறுகிவிட்டது. இப்போது தண்ணீர் ஊற்றினால் நடுவில் இறங்காமல் ஓரமாகவே வழிந்து அடித்துளை வழியே ஓடிவிடுகிறது. காய்த்து ஓய்ந்த செடிகளை நேற்றுப் பிடுங்கியபோது, தக்காளி, கத்திரி இருந்த ஐந்து பைகளிலும், அவரை இருந்த ஒரு பையிலும் வேர்களில் மிளகு அளவுக்கு முடிச்சுகள் தெரிந்தன. மண் முழுவதையும் கொட்டிவிட்டுப் புதுக்கலவை வாங்கும்படி தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். மூன்று ஆண்டுகளாக உரமிட்டுப் பழக்கிய மண்ணைக் கொட்ட எனக்கு மனம் வரவில்லை. மாசியில் வெண்டை, கொத்தவரை, பீர்க்கு, தண்டுக்கீரை விதைக்க நினைக்கிறேன். என்ன செய்யலாம்?

மறுமொழி (திருவான்மியூர்)

தயவுசெய்து கொட்டிவிடாதீர்கள். மழை உங்கள் மண்ணிலிருந்து கொண்டுபோனது பெரும்பாலும் தழைச்சத்தையும் காற்றோட்டத்தையும்தான். இரண்டையும் திரும்பத் தர முடியும். முடிச்சு இல்லாத பைகளின் மண்ணை மாடியில் ஒரு தார்ப்பாயில் கொட்டி, கட்டிகளைக் கையால் உதிர்த்து, பழைய வேர்களைப் பொறுக்கிவிட்டு, இரண்டு மூன்று நாள் வெயிலில் காய விடுங்கள். பிறகு மூன்று பங்கு பழைய மண்ணுக்கு ஒரு பங்கு மண்புழு உரம் அல்லது நன்றாக மட்கிய சாண எரு, அரைப் பங்கு தென்னை நார்க்கழிவு, பைக்கு இரண்டு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு என்ற அளவில் கலக்கலாம். நார்க்கழிவைக் கட்டியாக வாங்கினால், ஊறவைத்த நீரை இரண்டு மூன்று முறை வடித்துவிட்டே சேர்க்க வேண்டும். அதிலுள்ள உப்பு இளநாற்றைக் கருக்கிவிடும். கலந்ததும் விதைத்துவிடாமல், லேசான ஈரத்தோடு நிழலில் பத்து நாளாவது மூடி வையுங்கள்.

எங்கள் பகுதியில் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாக இருப்பதால் இன்னொன்றையும் சொல்லத் தோன்றுகிறது. பையின் விளிம்பில் வெள்ளையாகப் பொரிந்திருந்தால் அது பெரும்பாலும் உப்புதான். அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, நல்ல தண்ணீரை அடித்துளை வழியே தாராளமாக வடியும்வரை ஒரு முறை ஊற்றிவிட்டு உரம் சேருங்கள்.

மறுமொழி (அம்பத்தூர்)

முடிச்சைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். தக்காளியையும் கத்திரியையும் அவரையோடு சேர்த்து எண்ண வேண்டாம். அவரை வேரில் உள்ள முடிச்சை நகத்தால் தள்ளிப் பாருங்கள். எளிதில் உதிர்ந்து, நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால், அது காற்றிலுள்ள தழைச்சத்தைச் செடிக்குச் சேர்க்கும் நன்மை செய்யும் பாக்டீரியாக்களின் வீடு. வேரே வீங்கி, பிய்த்தாலன்றி வராமல் இருந்தால் அது நூற்புழு, அதாவது வேருக்குள் புகுந்து தாக்கும் மிகச் சிறிய புழுவின் வேலை.

நூற்புழு உள்ள மண்ணை மற்ற மண்ணோடு கலக்கவே கூடாது. வேர்களை உரக்குழியில் போடாமல் எரித்துவிடுங்கள். அந்த மண்ணை நன்றாக நனைத்து, அரையடி உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பி, நிறமற்ற பாலித்தீன் தாளால் மூடி, ஓரங்களில் செங்கல் வைத்து அடைத்து, நான்கு முதல் ஆறு வாரம் வெயிலில் விடுங்கள். கறுப்புத் தாள் தானே சூடாகி நிற்கும். நிறமற்ற தாளோ வெயிலை உள்ளே விட்டு மண்ணையே சூடாக்கும். அதன் பிறகும் ஒரு பருவத்துக்கு அதில் தக்காளி, கத்திரி, வெண்டை வேண்டாம். துலுக்கச் சாமந்தி வையுங்கள். அதன் வேர் நூற்புழுவைக் கட்டுப்படுத்தும்.

கேட்டவர் (பெரம்பூர்)

இருவருக்கும் மிக்க நன்றி. அவரை வேரை இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். முடிச்சுகள் விரல் பட்டதும் உதிர்ந்தன, உள்ளே ரோஜா நிறமாக இருந்தன. அந்த மண்ணில் கீரை விதைக்கப் போகிறேன். மற்ற ஐந்து பைகளின் மண்ணைத் தனியே மூடி வைக்கிறேன். மற்றவற்றில் விதைப்பதைப் பங்குனிக்குத் தள்ளலாமா?

மறுமொழி (முகப்பேர்)

தள்ள வேண்டாம் என்பதே என் கருத்து. மாசி முதல் வாரத்தில் விதைத்த வெண்டை பங்குனி இறுதிக்குள் காய்க்கத் தொடங்கி, மே 4ஆம் தேதி வாக்கில் அக்கினி நட்சத்திரம் பிறக்கும்போது வேர் ஆழமாக இறங்கி நிற்கும். பங்குனிக் கடைசியில் முளைத்த செடியோ இளம்பருவத்திலேயே அந்த வெயிலில் மாட்டிக்கொள்ளும். பீர்க்குக்கு இப்போதே பந்தல் போட்டுவிடுங்கள், கொடி படர்ந்தபின் கம்பு நடுவது வேரைக் குலைக்கும்.

பைகளைத் தளத்தின் மேல் நேராக வைத்திருந்தால், மண்ணை மீண்டும் நிரப்பும்போதே ஒவ்வொன்றின் அடியிலும் இரண்டு செங்கல் கொடுத்துவிடுங்கள். மதியத்தில் தளம் கால் வைக்க முடியாமல் கொதிக்கும், அந்தச் சூடு அடிவேருக்கு ஏறும். மண்ணின் மேல் காய்ந்த இலைச் சருகை இரண்டு அங்குலம் பரப்புங்கள். சித்திரை பிறக்கும் முன் மேற்குப் பக்கம் 50 விழுக்காட்டு நிழல்வலை கட்டினால் போதும். காலை வெயிலை மறைக்க வேண்டியதில்லை.