பதில்: மின்னஞ்சல் சர்வர் அடைவில் மறைந்தவை, எஞ்சியவை - கலைச்சொல்

> ஹிடன், லிங்கரிங், ஆர்ஃபன் எல்லாவற்றுக்கும் "மறைபொருள்" என்றே வைத்துவிடலாமே?

வணக்கம். எனக்கு உடன்பாடில்லை. மறைபொருள் என்றதும் சித்தர் பாடல் நினைவுக்கு வருகிறது, அதுகூடப் பரவாயில்லை. ஹிடன் (மறைத்தது), லிங்கரிங் (நீக்கியும் எஞ்சியது), ஆர்ஃபன் (மேலுள்ளதை இழந்தது) மூன்றும் வேறு வேறு கோளாறுகள். ஒரே பெயர் கொடுத்தால், திருத்த வேண்டியதை ஒருவர் அழித்துவைப்பார். "பொருள்" நிரலாக்கத்தில் ஏற்கெனவே புழங்குகிறது. அடைவுக்கு (டைரக்டரி; பெயர், முகவரி, கணக்கு எல்லாம் இருக்கும் தரவுத்தளம்) "பதிவு" போதும். அடைவைக் கேட்டறியும் நெறிமுறையான எல்டாப்பும் "என்ட்ரி" என்றுதான் சொல்கிறது.

மைக்ரோசாஃப்டின் மின்னஞ்சல் சர்வரான எக்ஸ்சேஞ்சையே பார்ப்போம். பெயர் முகவரிப் பட்டியலில் இல்லை, முகவரியைத் தட்டி அனுப்பினால் மடல் போய்ச் சேர்கிறது. பெரும்பாலும் பட்டியலில் காட்டாதே என்ற பண்பை யாரோ இட்டிருப்பார்கள். எடுத்துவிட்டால் சரி. (ஆஃப்லைன் முகவரிப் புத்தகம் புதுப்பிக்கப்படும்வரை அவுட்லுக்கில் தெரியாது; அதற்குள் இன்னொரு புகார் வந்துவிடும்.) இது மறைபதிவு.

லிங்கரிங் ஆப்ஜெக்ட்தான் ஆளைப் படுத்துவது. எக்ஸ்சேஞ்ச் பயன்படுத்தும் அடைவான ஆக்டிவ் டைரக்டரியில் நீக்கிய பதிவு உடனே அழிவதில்லை. "டூம்ஸ்டோன்" என்ற குறியோடு சில காலம் இருந்து, நீக்கப்பட்ட செய்தியை அடைவின் நகல் வைத்திருக்கும் மற்ற சர்வர்களுக்கு, அதாவது டொமைன் கன்ட்ரோலர்களுக்குக் கொண்டுபோகிறது. அந்தக் காலம் விண்டோஸ் 2000-இல் 60 நாள். சர்வர் 2003 எஸ்பி1 முதல், புதிதாக அமைக்கும் ஃபாரஸ்ட்டில் (டொமைன்களின் தொகுப்பு) 180 நாள். அதையும் தாண்டி அணைந்து கிடந்த கன்ட்ரோலர் திரும்பி வந்தால் அதற்குச் சேதியே தெரியாது. வேலையை விட்டுப் போனவர் அதில் மட்டும் இன்னும் ஊழியர்! அது குளோபல் கேட்டலாக்காகவும் (எல்லா டொமைன்களின் பதிவுகளையும் சுருக்கமாக வைத்திருப்பது) இருந்தால் அவர் பெயர் முகவரிப் பட்டியலில் தலைகாட்டும். அதே முகவரியைப் புதியவருக்குக் கொடுத்தால், இரண்டு பதிவில் ஒரே முகவரி என்று மடல் திரும்பி வரும். அங்கிருப்பது படிக்க மட்டுமேயான நகல் என்றால் வழக்கமான முறையில் நீக்கவும் முடியாது. ரெப்அட்மின் என்ற நிர்வாகக் கருவியின் ரிமூவ்லிங்கரிங்ஆப்ஜெக்ட்ஸ் கட்டளை ஒரு வழி. முதலில் அட்வைசரி மோடில் ஓட்டுங்கள்; எதையும் தொடாமல் பட்டியலை மட்டும் நிகழ்வுப் பதிவேட்டில் எழுதும். இதற்கு "எஞ்சுபதிவு" என்கிறேன். "எச்சப்பதிவு" வேண்டாம், காக்கை நினைவு வரும்.

> ஆர்ஃபனுக்கு "அநாதைப் பதிவு"?

பொருள் சரி, ஆனால் கேட்டவுடன் கேட்பாரற்றது, தூக்கிப் போடலாம் என்று தோன்றுகிறது. நடப்பது என்ன? ஒரு கன்ட்ரோலரில் ஒரு ஓயூவை (கணக்குகளைப் பிரித்து வைக்கும் உட்பிரிவு) நீக்குகிறார்கள். அந்தச் செய்தி வந்து சேருமுன் இன்னொன்றில் அதே ஓயூவுக்குள் புதுக் கணக்குத் திறக்கிறார்கள். இரண்டும் ஒத்திசைந்ததும் கணக்கு தப்பித்து "லாஸ்ட்அண்ட்ஃபவுண்ட்" பெட்டகத்துக்குப் போய்விடும். அது நல்ல பதிவுதான். வேறு ஓயூவுக்கு நகர்த்தினால் போதும். நிலப் பத்திரத்தில் தாய்ப்பத்திரம் என்கிறோமே, அந்த வழியில் மேலுள்ளதைத் தாய்ப்பதிவு என்றால், இது "தாயிழந்த பதிவு". கொஞ்சம் நீளம்தான். "தாயறு பதிவு" என்று சுருக்கலாம், எனக்கு ஓசை பிடிக்கவில்லை.

டூம்ஸ்டோனுக்கு "நடுகல்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அழகான சொல், ஆனால் போரில் விழுந்த வீரனுக்கு நட்டதை ராஜினாமா செய்தவருக்கு நடுவானேன்? "நீக்கற்குறி" என்று வைத்துக்கொண்டு, அந்த 180 நாளை "நீக்கற்குறிக் காலம்" எனலாமா? சர்வரில் வேலை செய்கிறவர்கள் வாயில் வருமா என்று சொல்லிப் பார்த்து எழுதுங்கள்.