பிழை திருத்தும் கேள்விகள்: மறக்க முடியாத அனுபவம் உண்டா?

அஸ்தம்பட்டி வாசகர்
எம்.பி.ஏ., எம்.சி.ஏ. சேர்க்கைக்கான தமிழ்நாட்டு நுழைவுத் தேர்வான டான்செட்டுக்குப் படித்தவர்களுக்கு, ஆங்கில வாக்கியத்தின் எந்தப் பகுதியில் பிழை என்று கண்டுபிடிக்கச் சொல்லும் அந்தக் கேள்விகள் தெரியும். சேலத்தில் ஐந்து ரோடு பக்கம் ஒரு பயிற்சி வகுப்பு. "வாய்விட்டுப் படியுங்கள், காதுக்கு இடறும் இடம்தான் பிழை" என்றார் ஆசிரியர். ஓமலூரிலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு பெண், தமிழ்வழியில் படித்தவர், எழுந்து நின்றார். "எங்கள் வீட்டில் யாரும் ஆங்கிலம் பேசுவதில்லை சார். எனக்கு எல்லாமே சரியாகத்தான் கேட்கிறது" என்றார். அவருடைய தாளில் நான்கு பகுதிகளுக்கும் கீழே பென்சில் புள்ளி இருந்தது. ஆசிரியரோ "அடுத்த கேள்வி" என்று நகர்ந்துவிட்டார். என்னால் இன்னும் ஆற முடியவில்லை. சொல்லித்தர வேண்டிய இடமே அதுதானே?

சூரமங்கலத்தான்
ஆசிரியர்மீது கோபம் சரி. ஆனால் அந்தப் பெண்ணுக்காகப் பரிதாபப்பட வேண்டாம். காதை நம்புகிறவர்களும்தான் விழுகிறார்கள். மேலாண்மைப் படிப்புக்கான ஜிமேட் தேர்வை நான் எழுதிய காலத்தில், அதில் வாக்கியத் திருத்தக் கேள்விகள் இருந்தன. 2023 நவம்பரில் வந்த புதிய வடிவத்தில் அவற்றை எடுத்துவிட்டார்கள். அந்தக் கேள்விகளின் ஐந்து விடைகளில் முதலாவது, கொடுத்த வாக்கியமே மாறாமல் இருந்தது. ஆங்கிலவழியில் படித்த என் நண்பன், பிழை இல்லாத வாக்கியத்தைக்கூட விடாமல் திருத்திக்கொண்டிருந்தான்.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். 'தி குவாலிட்டி ஆஃப் தி மேங்கோஸ் ஆர் குட்' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். 'மேங்கோஸ்' பக்கத்திலேயே இருப்பதால் 'ஆர்' காதில் இயல்பாக விழும். 'ஆஃப்' தொடங்கி 'மேங்கோஸ்' வரை பென்சிலால் அடியுங்கள். மிஞ்சுவது 'குவாலிட்டி', ஒருமை, ஆகவே 'இஸ்'. ஆனால் 'எ நம்பர் ஆஃப்' வந்தால் வினை பன்மை, 'தி நம்பர் ஆஃப்' வந்தால் ஒருமை. இவற்றை மனப்பாடமே செய்துவிடலாம். அடுத்து, 'ஈச்' வந்தால் ஒருமை. 'நைதர்–நார்' வந்தால் வினைக்கு அருகில் உள்ள பெயரைப் பாருங்கள். தினமும் கொஞ்சமாவது போட்டுப் பழகுங்கள்.

ஏற்காட்டு அக்கா
சூரமங்கலத்தாரே, எப்போதும் பென்சில் வேண்டும் என்பதில்லை. மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் புத்தகத்தைப் பிரித்தாலே என் தம்பிக்குத் தலைசுற்றும். சேலத்துக்கு இறங்கும்போது பஸ்ஸில் நான் வாக்கியத்தைச் சொல்வேன், அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்பான். விதிகளை ஆங்கிலத்தில் சொன்னபோது ஒன்றும் ஏறவில்லை. ஒருநாள் 'தி நம்பர் ஆஃப்' என்று தொடங்கும் வாக்கியத்தைச் சொல்லி "எழுவாய் எதுடா?" என்று கேட்டேன். "நம்பர்தான் அக்கா, அப்போது வினை ஒருமை" என்று சட்டென்று சொன்னான். எழுவாய், பயனிலை எல்லாம் பள்ளித் தமிழ் வகுப்பிலேயே படித்தவைதானே! அன்றிலிருந்து விதிகளைத் தமிழிலேயே எழுதி வைத்திருக்கிறோம். அஸ்தம்பட்டிக்காரரே, அந்தப் பெண்ணோடு இன்னும் தொடர்பு இருந்தால் சொல்லுங்கள், குறிப்பேட்டை நகல் எடுத்துத் தருகிறேன்.