ஐந்து மாதக் கரும்புக்கு இன்னொரு மூட்டை யூரியா போடலாமா?

கவுந்தப்பாடி தோட்டம்:
வணக்கம். கோ 86032 ரகக் கரும்பு, ஒரு ஏக்கர், வெல்லம் காய்ச்சத்தான். நட்டு ஐந்து மாதம் முடிகிறது. தோகை கரும்பச்சையாக ஆளுயரம் தாண்டி நிற்கிறது, ஆனால் கரும்பு தடிக்கவில்லை, அடியில் புதுசு புதுசாகத் தூர் வந்துகொண்டே இருக்கிறது. போன வாரக் காற்றில் வாய்க்கால் ஓரத்து வரிசைகள் சாய்ந்துவிட்டன. பக்கத்துத் தோட்டத்து அண்ணன் இன்னொரு மூட்டை யூரியா போட்டால் தடித்துவிடும் என்கிறார். போடலாமா?

பவானி பாசனம்:
இதுவரை என்னென்ன போட்டீங்க, எப்போது?

கவுந்தப்பாடி தோட்டம்:
அடியுரம் டிஏபி 2 மூட்டை. யூரியா 30, 60, 90 நாளில் மொத்தம் 7 மூட்டை. பொட்டாஷ் விலை கட்டுப்படியாகாமல் போடவில்லைங்க.

பவானி பாசனம்:
அப்படியானால் போடவே வேண்டாம். யூரியா மூட்டை 45 கிலோ, அதில் 46 சதம் தழைச்சத்து (நைட்ரஜன்). 7 மூட்டைக்கு 145 கிலோ, டிஏபியில் 18, ஆக ஏக்கருக்கு 163 கிலோ போயிருக்கிறது. வெல்லக் கரும்புக்குப் பல்கலைக்கழகப் பரிந்துரை ஹெக்டேருக்கு 225 : 62.5 : 112.5, அதாவது ஏக்கருக்குத் தழைச்சத்து சுமார் 90, மணிச்சத்து 25, சாம்பல்சத்து (பொட்டாஷில் இருப்பது) 45 கிலோ. ஆலைக் கரும்புக்குத் தழைச்சத்து இதைவிடக் கூடுதல், பக்கத்துத் தோட்டக்காரர் அந்தக் கணக்கில் சொல்லியிருக்கலாம். 90 நாளில் மண் அணைப்பதோடு தழைச்சத்தை முடித்துவிட வேண்டும். அதற்குப் பிறகு போடுவது பிந்திய தூருக்கும் தோகைக்கும்தான் போகும். அந்தத் தூர் வெட்டும்போது முற்றியிருக்காது, பிழியும்போது மொத்தச் சாற்றின் இனிப்பையும் இறக்கிவிடும்.

ஆலைகொட்டாய்:
இருபது வருடமாகக் காய்ச்சுகிறேன், யூரியா தூக்கலாகப் போட்ட தோட்டத்துச் சாறு கொப்பரையிலேயே தெரிந்துவிடும் தம்பி. பாகு பதத்துக்கு வர நேரமெடுக்கும், அச்சில் ஊற்றினால் கட்டி விழாமல் பிசுபிசுக்கும், நிறமும் கறுக்கும். நிறத்துக்காக ஹைட்ரோஸ் என்கிற வெளுப்பு ரசாயனம் போடச் சொல்வார்கள், தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள், சாப்பிடுகிற பொருள்.

கவுந்தப்பாடி தோட்டம்:
சரிங்க, போடவில்லை. சாய்ந்ததை என்ன செய்வது?

பவானி பாசனம்:
இப்போது காய்ந்த சோகையை உரியுங்கள், 7-ம் மாதம் இன்னொரு முறை. பிந்தி வந்த தூரை அப்போதே பிடுங்கிவிடலாம். எதிரெதிர் வரிசைக் கரும்பைச் சோகையாலேயே திரித்துச் சேர்த்துக் கட்டினால் அடுத்த காற்றுக்குத் தாங்கும். வெட்ட அவசரப்படாதீர்கள், மேல்கணு, அடிக்கணு இரண்டிலும் பிரிக்ஸ் அளவு (சாற்றின் இனிப்பைக் காட்டுவது) ஒட்டி வரட்டும். வெட்டியதும் மண் பரிசோதனைக்குக் கொடுங்கள். மறுதாம்புக்கு, அதாவது வெட்டிய கட்டையிலிருந்து துளிர்க்கும் அடுத்த பயிருக்கு, பொதுவாக 25 சதம் தழைச்சத்து கூடுதலாகச் சொல்வார்கள், உங்கள் நிலத்தில் முடிவைப் பார்த்துவிட்டே போடுங்கள். பொட்டாஷை மட்டும் இந்தமுறை விடாதீர்கள், ஏக்கருக்கு ஒன்றரை மூட்டைதான்.