காம்ரேட்ஸ் நாளில் ரோட்டோரம் நின்றவர்கள் இருக்கிறீர்களா?

சாட்ஸ்வொர்த் அக்கா

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கும் மாரிட்ஸ்பர்க்குக்கும் நடுவே வருஷாவருஷம் நடக்கிற நெடுந்தூர ஓட்டம் காம்ரேட்ஸ். அதில் ஓடினவர்கள் கதையை எல்லாரும் கேட்கிறார்கள். ரோட்டோரம் நின்றவர்களிடம் யாரும் கேட்பதில்லை. அதனால் நானே ஆரம்பிக்கிறேன். (என் தமிழ் ஆயாவிடம் கற்றது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.)

என் தம்பி 42 வயதில் திடீரென்று காம்ரேட்ஸ் ஓடப்போகிறேன் என்றான். எங்கள் பக்கத்தில் இருக்கும் முதியோர் இல்லத்துக்குக் குளிர்காலப் போர்வை வாங்கப் பணம் சேர்க்க வேண்டும் என்பது அவன் எண்ணம். சொந்தக்காரர்கள் கிலோமீட்டருக்கு 5 ரேண்ட், 10 ரேண்ட் என்று எழுதிக்கொடுத்தார்கள். எங்கள் தாய்மாமாவிடம் போனபோது அவர் தம்பியின் வயிற்றை ஒரு தடவை பார்த்துவிட்டு, "ட்ரமண்ட் வரைக்கும் காசு கிடையாது. அதுக்கு அப்புறம் ஓடுற ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் நூறு" என்றார். ட்ரமண்ட் கிட்டத்தட்ட பாதி வழி. அதற்குள் பையன் உட்கார்ந்துவிடுவான் என்பது அவர் கணக்கு.

வழக்கமாக ஒரு வருஷம் ஏற்றம், மறு வருஷம் இறக்கம். அந்த வருஷம் அப் ரன், அதாவது ஏற்றம். டர்பனில் இருந்து மாரிட்ஸ்பர்க் வரை ஏறவேண்டும், சுமார் 86 கிலோமீட்டர், 12 மணி நேரத்துக்குள். காலை ஐந்தரைக்கு டர்பனில் சேவல் கூவும் ஒலியைப் போட்டு ஓட்டத்தைத் தொடங்கியபோது நாங்கள் பைன்டவுனில் மடக்கு மேசை போட்டுக்கொண்டிருந்தோம். உப்பு தூவின வேகவைத்த உருளைக்கிழங்கு, ஆரஞ்சுத் துண்டு, வாழைப்பழம், கோக். அம்மா மட்டும் யாரையும் கேட்காமல் இரண்டு பெரிய ஃப்ளாஸ்க் நிறைய ரசம் கொண்டுவந்திருந்தார். "மராத்தான்ல யாராவது ரசம் குடிப்பாங்களாம்மா" என்று நான் சத்தம் போட்டேன்.

எட்டு மணிக்குப் பிறகு தம்பி சிரித்துக்கொண்டே வந்தான், ஒரு கிழங்கை எடுத்தான், போய்விட்டான். உடனே காரை எடுத்து அடுத்த இடத்துக்குப் போகலாம் என்று பார்த்தால், நாங்கள் நிறுத்தியிருந்த தெரு அடைபட்டிருந்தது. கடைசி ஆள் தாண்டும் வரை திறக்க மாட்டோம் என்று மார்ஷல்கள் சொல்லிவிட்டார்கள். தப்பு எங்களுடையதுதான். புதிதாகப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். என்3 நெடுஞ்சாலைக்கு வெளியேற வழி இருக்கும் பக்கத்தில் காரை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் ஒரே இடத்தில் நாள் முழுக்க இருந்துவிடுங்கள்.

கேம்பர்டவுன் பக்கம் போய்ச் சேர்ந்தபோது மதியம் ஒன்றரை. அங்கே பார்த்த முகங்கள் வேறு மாதிரி இருந்தன. காலையில் பேசிக்கொண்டே ஓடினவர்கள் இப்போது தரையைப் பார்த்து நடந்தார்கள். நான் உற்சாகப்படுத்துகிறேன் என்று, "இன்னும் கொஞ்ச தூரம்தான், இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்று கத்தினேன். ஒரு பெண் நின்று, கோபமில்லாமல், களைப்போடு சொன்னார்: "எத்தனை கிலோமீட்டர்னு சரியா சொல்லுங்க, இல்லன்னா பேசாம இருங்க." சுருக்கென்றது. காம்ரேட்ஸில் ரோட்டோரப் பலகைகள் மீதி தூரத்தைத்தான் காட்டும். ஓடுகிறவர் காலையிலிருந்து அந்த எண் குறைவதைப் பார்த்துக்கொண்டே வருகிறார், அவரிடம் போய் நான் "கொஞ்சம்" என்கிறேன். அப்புறம் அக்கா மகனை அனுப்பி மேடு எங்கே முடிகிறது என்று பார்த்துவரச் சொன்னோம். அட்டையில் "இந்த மேடு முடிய 400 மீட்டர்" என்று எழுதிப் பிடித்தேன். அதைப் படித்துவிட்டு மறுபடி ஓட ஆரம்பித்தவர்கள் உண்டு.

ஓடுகிறவர்களின் நெஞ்சு அட்டையில் பெயர் இருக்கும், பெயர் சொல்லிக் கூப்பிடலாம். பத்து தடவை முடித்தவருக்குப் பச்சை எண், அது ஆயுளுக்கும் அவருக்கே. அப்படிப் பச்சை எண் போட்ட ஒரு சூலு பெரியவர் மேசையருகே வந்து, உப்பாக, சூடாக ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். அம்மா பேசாமல் கோப்பையில் ரசத்தை ஊற்றினார். ஒரு வாய் குடித்ததும் "ஹாவு!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். மிளகு! பிறகு கோப்பையை நீட்டி இன்னொன்று கேட்டார், பின்னால் வந்த கூட்டாளியையும் கைதட்டி அழைத்தார். அரை மணி நேரத்தில் முதல் ஃப்ளாஸ்க் காலி. அம்மா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

இரண்டு மணி தாண்டித்தான் தம்பி வந்தான். முகம் சாம்பல். மாமா கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்: ட்ரமண்ட் தாண்டி இருபது கிலோமீட்டர், இரண்டாயிரம் போச்சு. தம்பியைக் கண்டதும், "போதும்டா மருமகனே! பின்னால பஸ் வருது, ஏறிக்க! ஏசி இருக்கு!" என்று அலறினார். பஸ்ஸைப் பற்றிச் சொல்லவேண்டும். முடியாமல் விலகினவர்களை ஏற்றிச் செல்லும் நிஜமான பஸ் ஒன்று. இன்னொன்று, ஒரே வேகத்தில் கூட்டமாக ஓடுகிறவர்கள், முன்னால் அவர்களை நடத்திப்போகிறவருக்கு டிரைவர் என்று பெயர். மாமா சொன்னது முதல் பஸ். தம்பி ஏறிக்கொண்டது இரண்டாவது. மாமா கத்தினதில் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சிரித்ததில் கால் நகர்ந்தது. அந்த நேரம் பின்னாலிருந்து பாடிக்கொண்டே ஒரு கூட்டம் வந்தது, அதோடு சேர்ந்து போய்விட்டான்.

மாரிட்ஸ்பர்க் நெருங்கும்போது வரும் பாலி ஷார்ட்ஸ் என்ற செங்குத்தான மேட்டை அவன் நடந்தே ஏறினானாம். முடித்தபோது ஐந்து மணி ஐந்து நிமிஷம். ஐந்தரைக்கு, 12 மணி நேரம் முடிந்தது என்று காட்ட, ஒருவர் ஓடிவருகிறவர்களுக்கு முதுகைக் காட்டி நின்று துப்பாக்கி சுட்டார். கோட்டுக்கு நாலு அடி முன்னால் ஒரு பெண் நின்றுவிட்டார். மாமா அதுவரை வாயடைக்காதவர், அதற்குப் பிறகு கார் வரை பேசவில்லை.

ஓய்வுபெற்ற நர்ஸ், இசிப்பிங்கோ

அக்கா, உங்கள் அம்மாவுக்கு என் வணக்கம். ரசம் சும்மா இல்லை, அதில் உப்பு இருக்கிறது. ரோட்டோரம் நிற்கிறவர்கள் பாசத்தில் செய்யும் பெரிய தப்பு, பார்க்கிறவர் கையில் எல்லாம் தண்ணீரைத் திணிப்பது. தாகத்துக்கு மேல் குடித்துக்கொண்டே போனால் ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும், ஆள் குழம்பிப்போவார், மூளை வீங்கும், உயிருக்கே ஆபத்து. 1985ல் டிம் நோக்ஸும் சக மருத்துவர்களும் இதை முதலில் எழுதினது நம் நாட்டு நெடுந்தூர ஓட்டக்காரர்களைப் பார்த்துத்தான்.

நான் ஒரு வருஷம் ஹில்கிரெஸ்டில் நின்றபோது ஒரு பையன் விரல்கள் உப்பி, மோதிரம் இறுகி, எந்தப் பக்கம் ஓடவேண்டும் என்றே தெரியாமல் நின்றான். சுற்றியிருந்தவர்கள் "தண்ணி குடு, தண்ணி குடு" என்றார்கள். நான் கொடுக்க விடவில்லை, மருத்துவக் கூடாரத்துக்குக் கூட்டிப்போனேன். சிலர் என்னைத் திட்டினார்கள், சரி, திட்டட்டும். இன்னொன்று: கைப்பையில் இருக்கும் இபுபுரோஃபென் மாத்திரையை யாருக்கும் கொடுக்காதீர்கள். அத்தனை மணி நேரம் ஓடின உடம்பில் அது சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும்.

மாரிட்ஸ்பர்க் தாத்தா

நான் சிறுவனாக இருந்தபோது அப்பா என்னைத் தோளில் வைத்துக்கொண்டு பாலி ஷார்ட்ஸ் உச்சியில் நிற்பார். எண் ஒட்டாமல் ஓடிவருகிற நம்மவர்களையும் ஆப்பிரிக்கர்களையும்தான் தேடிப் பார்ப்பார். முதல் உலகப் போரில் இறந்த சிப்பாய்களின் நினைவாக விக் கிளாப்பம் 1921ல் தொடங்கின ஓட்டம் இது. ஆனால் வெள்ளைக்கார ஆண்களைத் தவிர யாருக்கும் எண் கிடையாது, பதக்கம் கிடையாது. 1935ல் ராபர்ட் ம்ட்சாலி என்ற ஆப்பிரிக்கர் முழுத் தூரமும் ஓடி முடித்தார், பட்டியலில் பெயர் வரவில்லை. 1975ல்தான் எல்லா இனத்தவருக்கும் பெண்களுக்கும் கதவு திறந்தார்கள்.

எண் இல்லாதவர்களுக்கு மேசைகளில் என்ன கிடைத்தது என்று எனக்குத் தெரியாது. அப்பாவின் பையில் எப்போதும் ஆரஞ்சு இருக்கும், அதை அவர்களுக்கு மட்டும் கொடுப்பார். ஒருவர் வாங்கிக்கொண்டு "நன்றி அண்ணே" என்று தமிழில் சொன்னார். அப்பா அன்று வீடு வரும் வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது ம்ட்சாலி பெயரில் ஒரு பதக்கமே இருக்கிறது, 2019லிருந்து. கிளாப்பம் பெயரிலும் உண்டு.

அக்கா, மாமா காசு கொடுத்தாரா இல்லையா? அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே.

பக்கி ஓட்டுநர், டொங்காட்

நான் காம்ரேட்ஸ் பக்கம் போனதில்லை. ஆறு பேர் லேடிஸ்மித்தில் இருந்து டர்பனுக்கு, சிறுநீரக நோயாளிகளுக்காக, நாலு நாள் மாறி மாறி ஓடினார்கள். பின்னால் பக்கி (பின்பக்கம் திறந்த சின்ன பிக்கப் வண்டி) ஓட்டினது நான். என்3ல் கால்நடையாகப் போகக் கூடாது, அதனால் பழைய ஆர்103 ரோட்டில் போனோம். மணிக்கு எட்டு, ஒன்பது கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஓட்டிப்பாருங்கள், தூக்கம் எப்படி வருகிறது என்று தெரியும். எச்சரிக்கை விளக்கு மணிக்கணக்காக எரிந்து இரண்டாம் நாள் பேட்டரி செத்தது.

மூயி ரிவர் தாண்டி வண்டி நின்றபோது ஒரு லாரி நின்றது. டிரைவர் ஜம்பர் கேபிள் மாட்டிக் கிளப்பிக் கொடுத்தார். எதற்கு ஓடுகிறார்கள் என்று கேட்டார், சொன்னேன். தன் தங்கைக்கும் டயாலிசிஸ் நடக்கிறது என்றார். ஐம்பது ரேண்டை என் சட்டைப்பையில் சொருகிவிட்டு, நான் பெயர் கேட்பதற்குள் லாரியை எடுத்துவிட்டார்.

சாட்ஸ்வொர்த் அக்கா

தாத்தா, கொடுத்தார், கொடுத்தார். 43 கிலோமீட்டர், 4,300 ரேண்ட். பெட்ரோலுக்கு 300 கழித்துக்கொண்டு 4,000. தம்பிக்குக் கிடைத்தது உங்கள் கிளாப்பம் பதக்கம்தான். மாமா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அடுத்த வருஷம் இறக்கம்தானே, கிலோமீட்டருக்கு அம்பதுதான்" என்றார். இறக்கத்தில்தான் தொடை கிழியும் என்று தம்பி சொல்லிப்பார்த்தான். மாமா அசையவில்லை. அம்மா மூன்றாவது ஃப்ளாஸ்க் வாங்கிவிட்டார்.